எத்தனை மூட்டை எடுத்து வைப்பது?

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கிடங்கு நடத்துபவர் ஏல மையத்துக்குக் கிளம்பும்போதே ஒரு கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்: இன்றைக்கு எத்தனை மூட்டை எடுக்கலாம்? குறைத்து எடுத்தால், கான்பூரிலிருந்து ஆர்டர் வரும் அன்று கையில் காய் இருக்காது. கூட்டி எடுத்தால், பணம் சாக்குக்குள் உறங்கும். வட்டி மட்டும் விழித்திருக்கும். கிலோ 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 50 கிலோ மூட்டை ஒன்றின் விலை ஒன்றேகால் லட்சம். பத்து மூட்டை கூடிப்போனால் ஒரு காரின் விலை மூலையில் முடங்கிவிடும்.

மலையின் இந்தப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கு, அந்தப் பக்கம் இடுக்கியின் ஏலத்தோட்டங்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக விடியற்காலையில் ஜீப்புகளில் ஆட்கள் ஏறுகிறார்கள். காய் இறங்கி வருகிறது. ஏலச்செடி மொத்தமாக விளைந்து கொடுக்காது. சுமார் நாற்பது நாளுக்கு ஓர் எடுப்பு, மழைக்காலத்தில் தொடங்கி மாசி வரை ஐந்தாறு எடுப்பு. பச்சைக் காய் ஐந்து கிலோ உலர்ந்தால் ஒரு கிலோ தேறும். வாங்குகிறவர்களின் நாட்காட்டியோ வேறு: தீபாவளி, ரமலான், கல்யாண மாதங்கள். இரண்டு நாட்காட்டியும் பொருந்தியிருந்தால் கிடங்கு என்ற கட்டடமே தேவைப்பட்டிருக்காது. கறுப்புப் பாலித்தீன் உறை போட்ட சாக்கில், ஈரமும் வெளிச்சமும் படாமல் காயைப் பல மாதம் வைக்கலாம். ஆனால் பச்சை நிறம் மெல்ல வெளுக்கும். நிறம் போனால் தரம் போகும், தரம் போனால் விலை போகும். ஆக, வைத்திருப்பதற்கும் ஒரு கூலி உண்டு.

இந்தக் கேள்வியை இப்போது உலகெங்கும் ஏஐ ஏஜென்ட்களிடம் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஏஜென்ட் என்பது ஒரு மொழி மாதிரி. நாம் அரட்டையடிக்கும் சாட்பாட்டின் உள்ளே இருக்கும் அதே சரக்கு. வித்தியாசம் என்னவென்றால், அதற்கு ஓர் இலக்கும் சில கருவிகளும் கொடுத்திருப்பார்கள். இருப்புப் பதிவைத் திறந்து பார்க்கும் கருவி ஒன்று, வரப்போகும் தேவையைக் கணிக்கும் கருவி ஒன்று, கொள்முதல் ஆணையை எழுதும் கருவி ஒன்று. எதை எப்போது கூப்பிடுவது என்று அதுவே முடிவு செய்துகொள்ளும். அப்படி ஒன்றைப் போடியின் ஒரு கிடங்கில் உட்காரவைப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். அதற்குத் தேவை கணிக்கும் கருவியாக எதைக் கொடுப்பது?

ஏஜென்ட்டே கணித்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். மொழி மாதிரி என்பது அடுத்து வரக்கூடிய சொல்லை ஊகிக்கும் எந்திரம். இரண்டு வருட விற்பனையைக் கொடுத்து அடுத்த வாரம் எவ்வளவு என்று கேட்டால், தயங்காமல் ஓர் எண்ணைச் சொல்லும். கேட்பதற்கு நம்பும்படியாகவே இருக்கும். நாளை அதே கேள்விக்கு வேறு எண் வரலாம். எனவே நல்ல வடிவமைப்பில் ஏஜென்ட்டின் வேலை கணக்குப் போடுவது அல்ல. சரியான கணக்கைச் சரியான கருவியிடம் கேட்பது. கணக்குப் போடும் கருவியோ, ஏஜென்ட்டுக்குப் பல தலைமுறை மூத்தது.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படைக்கு வேலை செய்த ராபர்ட் பிரௌன், நீர்மூழ்கிக் கப்பல் அடுத்து எங்கே இருக்கும் என்று கண்டுபிடிக்க ஒரு முறையை வகுத்தார். கடைசியாகப் பார்த்த இடத்துக்கு அதிக மதிப்பு, அதற்கு முன் பார்த்ததற்குக் குறைவு, அதற்கும் முன்னால் இன்னும் குறைவு. போர் முடிந்தபின் அதே கணக்கு கடற்படையின் உதிரிப்பாகக் கிடங்குக்குள் நுழைந்தது. இதற்கு அடுக்குமுறைச் சமன்படுத்தல் என்று பெயர் வைக்கலாம்: பழைய விவரத்தின் மதிப்பைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே சராசரி எடுக்கும் முறை. டீக்கடையில் பழைய டிகாக்‌ஷன் எழுபது பங்கு இருக்கும்போது புதிது முப்பது பங்கு ஊற்றுவதுதான் இது. காலையில் முதலில் போட்ட தூளின் ருசி மாலை வரை இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் மெலிந்துகொண்டே போகும். போன வாரம் 100 மூட்டை போகும் என்று நினைத்தோம், 140 போய்விட்டது என்றால் புதிய கணிப்பு 140-இல் முப்பது பங்கு, 100-இல் எழுபது பங்கு: 112. இவ்வளவுதான் கணக்கு. இதைச் செய்ய நினைவில் வைக்க வேண்டியது ஒரே ஓர் எண். ஆயிரம் பொருள் உள்ள கிடங்குக்கு ஆயிரம் எண் போதும். கணினி ஓர் அறையையே அடைத்துக்கொண்டிருந்த 1950-களில் அது எவ்வளவு பெரிய சிக்கனம்!

1957-இல் சார்லஸ் ஹோல்ட் இதில் ஏறுமுகம், இறங்குமுகத்தைச் சேர்த்தார். 1960-இல் பீட்டர் வின்டர்ஸ் பருவத்தைச் சேர்த்தார். போன வருடம் இதே மாதம் எப்படி இருந்ததோ அதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் கணக்கு. சென்னையில் குடை விற்பவருக்கு இது அருமையாக உதவும். போடிக்காரரைக் கவிழ்த்துவிடும்.

ஏனென்றால் ஏலக்காய் வாங்கும் பண்டிகைகள் ஓர் இடத்தில் நிற்பதில்லை. தமிழ்நாட்டில் தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. போன அக்டோபரைப் பார்த்து இந்த அக்டோபரைக் கணித்தால் தொலைந்தோம். ரமலான் இன்னும் வேடிக்கை. அது முழுக்கப் பிறை பார்த்து நகரும் ஆண்டில் வருகிறது. ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினோரு நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். 2024-இல் மார்ச் நடுவில் இருந்தது 2026-இல் பிப்ரவரிக்கு வந்துவிட்டது. சவூதியிலும் வளைகுடா நாடுகளிலும் விருந்தாளிக்குக் கொடுக்கும் கஹ்வா காப்பியில் ஏலக்காய் தாராளமாக விழும். ரமலானுக்கு முன் ஏற்றுமதியாளர்கள் காய் தேடுவார்கள். 2030-இல் என்ன ஆகும் தெரியுமா? ஜனவரியில் ஒரு ரமலான், டிசம்பர் கடைசியில் இன்னொன்று தொடக்கம். ஒரே ஆங்கில ஆண்டில் இரண்டு. மாதக்கணக்கு மட்டும் தெரிந்த கருவி அந்த டிசம்பரில் வாயடைத்து நிற்கும். பண்டிகை நாட்களைத் தனிப் பட்டியலாகக் கொடுத்து, ‘பண்டிகைக்கு ஆறு வாரம் முன்’ என்ற அளவுகோலில் கணிக்கச் சொன்னால் மட்டுமே தப்பிக்கும். ஏஜென்ட் இங்கே பிரயோசனப்படுகிறது: பட்டியலைத் தேடி எடுத்து, எந்தப் பண்டிகை எந்தத் தரக் காயை இழுக்கும் என்று பொருத்தி, கருவியின் கையில் கொடுக்கிற வேலையை அது நன்றாகவே செய்யும்.

பண்டிகைகளாவது முன்கூட்டியே தெரிந்தவை. கம்பம், கூடலூர், குமுளி வழியாகச் சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்கள் திரும்பும்போது கொண்டுவரும் அரவணைப் பாயசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஏலக்காய் உண்டு. அந்த ஏலக்காயில் அனுமதித்த அளவுக்கு மேல் பூச்சிமருந்து எச்சம் இருந்ததாகப் பரிசோதனை சொன்னதால், 2023 ஜனவரியில், மகரவிளக்குப் பருவத்தின் உச்சத்தில், கேரள உயர் நீதிமன்றம் அரவணை விற்பனையை நிறுத்தியது. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் கிடங்கில் அப்படியே முடங்கின. அதன்பின் ஏலக்காய் இல்லாமலே அரவணை தயாரித்தார்கள். எந்த விற்பனை வரலாற்றிலும் இது எழுதியிருக்காது. எண்களை மட்டும் பார்க்கும் கருவி அந்த வாரத்துத் தேவை ஏன் விழுந்தது என்று அறியாது. செய்தியைப் படிக்கத் தெரிந்த ஏஜென்ட் அறியும். மொழி மாதிரியைக் கிடங்குக்குள் விடுவதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல காரணம் இதுதான்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018 ஆகஸ்ட்டில் கேரளத்தை மூழ்கடித்த வெள்ளம் தோட்டங்களைச் சிதைத்தது. அடுத்த கோடையில் மழை ஏமாற்றியது. 2019 ஆகஸ்ட் 3 அன்று, மலைக்கு அப்பால் புற்றடியில் உள்ள நறுமணப்பொருள் வாரியத்தின் ஏல மையத்தில் ஒரு லாட் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. இரண்டு மூன்று வருடத்துக்குள் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. இந்த ஊசலாட்டத்தில் தேவையைக் கணிப்பதும் விலையைச் சூதாடுவதும் ஒன்றோடொன்று கலந்துவிடும். ‘விலை ஏறும், பிடித்து வை’ என்பது கணிப்பு அல்ல, ஆசை. கருவி மூட்டையை மட்டும் எண்ண வேண்டும். பிடித்து வைப்பதா வேண்டாமா என்பதை முதலாளி தன் பணத்தை வைத்துத் தானே முடிவு செய்துகொள்ளட்டும்.

இனி இந்தத் துறையின் மிக அழகான வித்தைக்கு வருவோம். நல்ல கருவியிடம் ‘அடுத்த வாரம் எத்தனை மூட்டை?’ என்று கேட்டால் ஒரு எண் தராது, மூன்று தரும். உதாரணமாக 70, 100, 150. நடுவில் உள்ளது, தேவை அதற்கு மேலே போகவும் கீழே நிற்கவும் சம வாய்ப்புள்ள இடம். 150 என்பது தொண்ணூறு எல்லை: பத்து வாரத்தில் ஒன்பது வாரம் தேவை இதற்குள் அடங்கும் என்று பொருள். 70 என்பது பத்து எல்லை. பத்தில் ஒரு வாரம்தான் இதற்கும் கீழே இறங்கும். தனக்கு எவ்வளவு தெரியாது என்பதையும் கருவி எண்ணாகவே சொல்லிவிடுகிறது. இந்த மூன்றில் எதை எடுத்துக்கொள்வது என்பது பொருளைப் பொறுத்தது.

சின்னமனூர்ப் பக்கத்து ஜி-9 ரக வாழைத்தாரையே பாருங்கள். குளிர்கிடங்கில் சுமார் 13 டிகிரியில் வைத்தால் பழுக்காமல் காத்திருக்கும். அதற்கும் கீழே குளிர்ந்தால் தோல் கறுத்துவிடும். பழுக்கவைக்கும் அறைக்கு அனுப்பி எத்திலீன் வாயு கொடுத்தபின் திரும்பும் வழி கிடையாது. நாலைந்து நாளில் விற்றாக வேண்டும். கிலோவுக்கு நான்கு ரூபாய் லாபம், விற்காமல் போனால் ஆறு ரூபாய் நட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கைப் பத்தால் வகுத்தால் 0.4. ஆக, நாற்பது எல்லையில் நிற்கும் அளவுக்குத்தான் பழுக்கவைக்க வேண்டும்: நடு எண்ணுக்கும் சற்றுக் கீழே! பத்து நாளில் ஆறு நாள் பழம் பற்றாமல் போகும் என்று தெரிந்தே குறைத்து வைப்பது லாபம். கேட்பதற்கு முட்டாள்தனமாக இருக்கும். கணக்கு அதைத்தான் சொல்கிறது. வங்கி கையில் எவ்வளவு ரொக்கம் வைத்திருக்க வேண்டும் என்று 1888-இல் எட்ஜ்வொர்த் என்ற பொருளியலாளர் யோசித்தபோது பிறந்த கருத்து இது. பின்னால் பத்திரிகை விற்பவர் கணக்கு என்று பெயர் பெற்றது. நேற்றைய பேப்பரை யார் வாங்குவார்கள்? 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைக்கும் இதே கணக்குதான்; வருடம் முழுக்க அறுவடை உண்டு என்பதால் நாளைக்கும் புதுப்பழம் வரும், தைரியமாகக் குறைத்து வைக்கலாம். ஏலக்காய்க்குக் கணக்கு மறுபக்கம் சாயும். இன்று விற்காதது அடுத்த வாரம் விற்கும். நட்டம் வட்டியும் கொஞ்சம் நிறமும்தான். எல்லையை எண்பது, தொண்ணூறு என்று உயர்த்தலாம்.

உயிர் சம்பந்தப்பட்ட பொருள் என்றால்?

தமிழ்நாட்டில் கிடங்குக் கணக்கின் மிகப் பெரிய சாதனை ஏலக்காயிலோ வாழையிலோ நடக்கவில்லை, அரசு மருந்தில் நடந்தது. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மாவட்டந்தோறும் மருந்துக் கிடங்கு. ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக். அந்தப் பாஸ்புக்கில் வருடத்துக்கு இவ்வளவு ரூபாய் மருந்து எடுக்கலாம் என்ற வரம்பு. எந்த மருந்தை எவ்வளவு என்று மேலிடம் திணிக்காது, கீழே இருப்பவர் தன் ஊர் நோய்க்கு ஏற்றபடி எடுத்துக்கொள்ளலாம். எங்கே எது எவ்வளவு ஓடுகிறது என்பது கிடங்கின் கணினியில் தானாகவே பதிவானது. அந்தப் பதிவைப் பார்த்து, சில மாதத் தேவை எப்போதும் இருப்பில் நிற்கும்படி கொள்முதல் நடக்கும். கேரளமும் ராஜஸ்தானும் பின்னால் இதே மாதிரியைப் பின்பற்றின. ஏஜென்ட் இல்லை, நுண்ணறிவு இல்லை. ஒழுங்காக எழுதிய பேரேடு மட்டும்.

அதே கிடங்கில் ஒரு பொருள் மட்டும் எல்லாக் கணக்கையும் முறித்துப்போடும்: பாம்புக்கடி விஷமுறிவு மருந்து. பாரசிட்டமால் தினமும் போகும், கணிப்பது எளிது. விஷமுறிவு மருந்து வாரக்கணக்கில் ஒரு குப்பிகூட அசையாது. திடீரென்று ஒரே இரவில் பத்துக் குப்பி போகும், ஏனென்றால் ஒரு நோயாளிக்குத் தொடக்கத்திலேயே எட்டு முதல் பத்துக் குப்பி வரை ஏற்ற வேண்டியிருக்கும். சிலருக்கு மறுபடியும். டிகாக்‌ஷன் கணக்கை இதன்மேல் போட்டால் கடி நடந்த மறுவாரம் கணிப்பு எகிறும், பிறகு பூஜ்யத்தை நோக்கி வழியும். இரண்டும் தப்பு. 1972-இல் கிராஸ்டன் என்பவர் ஒரு வழி சொன்னார்: தேவையைச் சராசரி எடுக்காதே, ‘எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது’ என்பதைத் தனியாகவும், ‘வந்தால் எவ்வளவு கேட்கிறது’ என்பதைத் தனியாகவும் கணி. ஒரே கேள்வியை இரண்டாக உடைத்ததும் குழப்பம் பாதி தீர்ந்தது.

மீதிப் பாதியை நிகழ்தகவு தீர்க்கிறது. மேகமலை அடிவாரத்தில் ஒரு சுகாதார நிலையம். மாதத்துக்குச் சராசரி ஒரு கடி என்று வைப்போம். சராசரியை நம்பி ஒரு நோயாளிக்கான மருந்து மட்டும் வைத்தால் என்ன ஆகும்? ஒரே மாதத்தில் இரண்டு பேரோ அதற்கு மேலோ வரும் வாய்ப்பு 26 சதவீதம். நான்கு மாதத்தில் ஒரு மாதம் யாரோ ஒருவருக்கு மருந்து இல்லை. மூன்று பேருக்கான மருந்து வைத்தால் அந்த வாய்ப்பு இரண்டு சதவீதத்துக்கும் கீழே இறங்கும்: ஏறக்குறைய ஐம்பது மாதத்தில் ஒன்று. இருப்பு மூன்று மடங்குதான் ஆனது, ஆபத்து ஏறக்குறைய பதினான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது.

ஆனால் எல்லா நிலையத்திலும் மூன்று மடங்கு வைக்கக் காசு வேண்டாமா? இங்கே இன்னொரு விந்தை எட்டிப் பார்க்கிறது. 25 நிலையங்கள் தனித்தனியாகக் கூடுதல் இருப்பு வைப்பதற்குப் பதிலாக ஒரே இடத்தில் சேர்த்து வைத்தால், கூடுதல் இருப்பு ஐந்தில் ஒரு பங்கு போதும். 25-இன் வர்க்கமூலம் ஐந்து, அதனால் இப்படி. ஓரிடத்தில் கூடினால் இன்னோரிடத்தில் குறையும். ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். மாவட்டக் கிடங்கு என்ற அமைப்பே இந்த வர்க்கமூலத்தின் கருணையில் நிற்கிறது. பாரசிட்டமாலுக்கு இது சரி. கடிபட்டவரோ தேனியில் உள்ள மாவட்டக் கிடங்கிலிருந்து வண்டி வரும் வரை காத்திருக்க முடியாது. எனவே விஷமுறிவு மருந்தைச் சிதறித்தான் வைக்க வேண்டும். விலை கொடுத்து வர்க்கமூலத்தை மறுக்க வேண்டும். இந்தியாவில் பாம்புக்கடியால் வருடத்துக்குச் சராசரி 58,000 பேர் இறக்கிறார்கள் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது. தனியார் மருத்துவமனைக்குப் போகும் கடிகளும் இனி எண்ணிக்கைக்குள் வரும். கணிப்புக் கருவிக்கு இதைவிட நல்ல தீனி இல்லை.

ஏனென்றால் பேரேடு சொல்லும் பொய் ஒன்று உண்டு. ஆடி மாதம் ஒரு மருந்து பூஜ்யம் குப்பி போயிருக்கிறது என்று பதிவு சொல்கிறது. யாரும் கேட்கவில்லையா, அல்லது கேட்டவர்களுக்குக் கொடுக்க இருப்பு இல்லையா? பதிவில் இரண்டும் ஒரே பூஜ்யம்தான். விற்பனை வேறு, தேவை வேறு. இது புரியாத கருவி, இல்லாமல் போன மாதங்களைப் பார்த்து ‘இதற்குக் கிராக்கி குறைந்துவிட்டது’ என்று முடிவு கட்டும். அடுத்த முறை இன்னும் குறைவாக ஆர்டர் போடச் சொல்லும். மறுபடியும் தட்டுப்பாடு, மறுபடியும் பூஜ்யம். தன் தப்பைத் தானே நிரூபித்துக்கொண்டு கீழே இறங்கும் சுழல். போடிக் கிடங்கிலும் இதே கதைதான்: 8 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கும் பெரிய காய் இல்லை என்றதும் திரும்பிப்போன ஏற்றுமதியாளர் எந்தப் பதிவிலும் இல்லை. நல்ல கருவி விற்பனையோடு அன்றைய இருப்பையும் சேர்த்து வாங்கும். இருப்பு பூஜ்யமாக இருந்த நாட்களை வெற்றிடமாக எண்ணும், பூஜ்யமாக எண்ணாது. ஏஜென்ட்டுக்கு இன்னும் ஒரு வசதி உண்டு. ‘பெரிய காய் இருக்கா?’ என்று கேட்டு, இல்லை என்றதும் முடிந்துபோன வாட்ஸப் உரையாடல்களை அது படித்து எண்ணிவிடலாம். விற்காத விற்பனையைப் பதிவுக்குள் கொண்டுவரும் முதல் கணக்குப்பிள்ளை அதுவாக இருக்கும்.

கருவிகளும் சும்மா நிற்கவில்லை. கணிப்பு முறைகளுக்குள் போட்டி வைப்பது கிரேக்கப் பேராசிரியர் மக்ரிடாகிஸின் வழக்கம். ஒரு லட்சம் எண்தொடர்களை வைத்து நடந்த நான்காவது போட்டியின் முடிவு 2018-இல் வந்தது. வெறும் எந்திரக் கற்றல் முறைகள் பழைய எளிய முறைகளின் கூட்டுச் சராசரியிடம் தோற்றன. ஜெயித்தது ஹோல்ட், வின்டர்ஸ் கணக்கையும் நரம்பு வலையமைப்பையும் கலந்த கலப்பினம். இரண்டே வருடத்தில், வால்மார்ட்டின் 42,840 விற்பனைத் தொடர்களை வைத்து நடந்த அடுத்த போட்டியில் எந்திரக் கற்றல் முந்திக்கொண்டது. 2024-இல் அமேசான் வெளியிட்ட குரோனோஸ் ஒரு படி மேலே போனது. எண்களை அளவு சுருக்கி, 4,096 ‘சொற்கள்’ கொண்ட ஓர் அகராதிக்குள் அடைத்து, மொழி மாதிரி வாக்கியத்தைத் தொடர்வது போலவே விற்பனையைத் தொடரச் செய்தது. அதற்கு நம் கிடங்கின் பழைய கணக்கைக் கற்றுத்தர வேண்டியதில்லை. தொடரைக் கொடுத்த கணமே எல்லைகளோடு கணிக்கும். புதிதாகக் கிடங்கு திறப்பவருக்கு இது வரம். இருந்தாலும் டிகாக்‌ஷன் கணக்கை இன்னும் யாரும் குப்பையில் போடவில்லை. புதிய கருவி ஒவ்வொன்றும் முதலில் அதைத் தோற்கடித்துக் காட்ட வேண்டும். பல நேரம் வித்தியாசம் நூலிழைதான்.

கணிப்புக் கருவி இல்லாமல் ஏஜென்ட்டைத் தனியாகக் கடையில் விட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாயிற்று. 2025-இல் ஆந்த்ரோபிக் நிறுவனம் தன் சான்பிரான்சிஸ்கோ அலுவலகத்தில் ஒரு சின்னத் தின்பண்டக் கடையை ‘கிளாடியஸ்’ என்று பெயரிட்ட ஏஜென்ட்டிடம் ஒரு மாதம் போல ஒப்படைத்தது. யாரோ ஓர் ஊழியர் விளையாட்டாக டங்ஸ்டன் கனசதுரம் கேட்டார். தின்பண்டக் கடையில் உலோகக்கட்டி! ஏஜென்ட் அதைப் புதிய வாடிக்கையாக எடுத்துக்கொண்டு கட்டிகளை வாங்கிக் குவித்தது, வாங்கிய விலைக்கும் கீழே விற்றது. கடை நட்டத்தில் முடிந்தது. இதை ஏஜென்ட்டின் முட்டாள்தனம் என்று சிரித்துவிட்டுப் போவது சுலபம். என் பார்வையில் அதற்குக் குறைந்தது புத்தி அல்ல. ‘இதுவரை ஒருமுறைதான் கேட்டிருக்கிறார்கள், என் எல்லைகள் பூஜ்யத்திலிருந்து நூறு வரை விரிந்து கிடக்கின்றன, என்னை நம்பாதே’ என்று சொல்லும் ஒரு கருவி.

எனவே போடிக் கிடங்கின் ஏஜென்ட்டுக்கு நான் கொடுக்கும் கருவி கொஞ்சம் கறாராக இருக்கும். எந்தத் தரம், எத்தனை வாரம், கிலோவிலா மூட்டையிலா என்று மூன்றையும் சொல்லாமல் கேட்டால் பதில் தராது. கிலோவை மூட்டை என்று எடுத்துக்கொண்டால் ஐம்பது மடங்கு பிழை. ஒவ்வொரு தரத்துக்கும் சொல்லும் கணிப்புகளைக் கூட்டினால் மொத்தக் கணிப்பு வர வேண்டும். வராவிட்டால் தானே திருத்திக்கொள்ளும். சரக்கு வந்துசேரும் காலத்தையும் கேட்கும். ஒரு வாரத் தேவை 20 மூட்டை அளவுக்கு ஏறி இறங்குகிறது, இருபதில் பத்தொன்பது முறை தட்டுப்பாடு கூடாது என்றால், ஒரு வாரத்தில் வந்துசேரும் சரக்குக்கு 33 மூட்டை கூடுதல் இருப்பு வேண்டும். நான்கு வாரம் ஆகும் சரக்குக்கு நான்கு மடங்கு வேண்டாம், 66 போதும். அதே வர்க்கமூலம் இங்கும் வந்து நிற்கிறது. இவ்வளவு கேட்டுச் சரிபார்த்தபின் ஏஜென்ட் எழுதுவது வரைவு ஆணை மட்டும். முதலாளி குறித்த தொகைக்கு மேலே போனால் அவர் கையெழுத்து இல்லாமல் நகராது.

அந்தக் கருவியை எப்படிச் சோதிப்பது? ஒருபோதும் தப்பாத கருவியைத் தேடினால் ஏமாறுவீர்கள். தொண்ணூறு எல்லை என்று அது சொன்ன எண்ணை உண்மையான தேவை பத்தில் ஒரு வாரம் தாண்டத்தான் வேண்டும். வருடத்தின் 52 வாரத்தில் ஐந்து முறை தாண்டினால் கருவி நேர்மையானது. பன்னிரண்டு முறை தாண்டினால் தன்னம்பிக்கை மிகுந்தது. எல்லைகளை விரிக்கச் சொல்லுங்கள். ஒருமுறைகூடத் தாண்டவில்லை என்றால் அதைப் பாராட்டிவிடாதீர்கள். தேவைக்கு மேல் எத்தனை மூட்டை வாங்கி வைத்து அந்த நல்ல பெயரைச் சம்பாதித்தது என்று கிடங்கின் பின்சுவர் வரை போய் எண்ணிப் பாருங்கள்.